ஒரே ஓர் எழுத்துதானே மாறியிருக்கிறது?

கேள்வி: 9 வாரக் கர்ப்பமாக இருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் எனக்கு பீட்டா தலசீமியா கேரியர், கணவருக்கு சிக்கிள் செல் கேரியர் என்று வந்தது. மரபணு ரிப்போர்ட்டில் எனக்கு ‘கோடான் 8/9 (+ஜி)’, அவருக்கு ‘கோடான் 6, ஏ > டி’ என்று போட்டிருக்கிறது. ஆளுக்கு ஓர் எழுத்துதான். இருவருமே நன்றாகத்தான் இருக்கிறோம். குழந்தைக்கு ஏதும் வருமா?

பதில்: வர வாய்ப்பு இருக்கிறது, 25 சதவீதம். எத்தனை எழுத்து மாறியது என்பதைவிட எங்கே, எப்படி மாறியது என்பதுதான் முக்கியம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலிக்கான மரபணு ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது. அதை செல் மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். அந்த மூன்றெழுத்துதான் கோடான். கோடானுக்கு ஒன்றாக 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுச் சங்கிலி உருவாகிறது.

உங்கள் கணவருக்கு 6-வது கோடான் ஜிஏஜி, ஜிடிஜி ஆகிவிட்டது. குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வாலின் வருகிறது. சங்கிலி முழு நீளத்துக்கு உருவாகும். ஆனால் வாலின் நீரை விலக்கும் தன்மை கொண்டது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள்போல வளைத்துவிடும். அதே கோடான் ஜிஏஏ என்று மாறியிருந்தால் அமினோ அமிலம் மாறியிருக்காது. அதுவும் குளூட்டாமிக் அமிலத்துக்கு உரியதுதான்.

உங்களுக்கு எழுத்து மாறவில்லை, ஒரு ஜி கூடுதலாக நுழைந்திருக்கிறது. 8-வது கோடானிலிருந்து சரியான வரிசை ஏஏஜி, டிசிடி, ஜிசிசி, ஜிடிடி. ஜி நுழைந்ததும் அது ஏஏஜி, ஜிடிசி, டிஜிசி, சிஜிடி என்று ஆகிறது. அங்கிருந்து எல்லாமே ஓர் எழுத்து தள்ளிப் படிக்கப்படுவதால், 22-வது இடத்தில் டிஜிஏ என்ற நிறுத்தக் கோடான் முளைத்துவிடும். சங்கிலி அங்கேயே பாதியில் நின்றுவிடும். அந்த மரபணுவிலிருந்து பயன்படும் பீட்டா சங்கிலி ஒன்றுகூடக் கிடைக்காது.

உங்கள் இருவரிடமும் இந்த மரபணுவின் இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் தொந்தரவு இல்லை. கேரியர் என்பது இதைத்தான். இரண்டு பழுதுமே குழந்தைக்குப் போனால் (அதற்குத்தான் 25 சதவீத வாய்ப்பு) நல்ல பிரதியே இருக்காது. அது சிக்கிள் பீட்டா தலசீமியா. கடும் வலி, ரத்தசோகை, தொற்று, பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய நோய்.

ஆகவே இந்த வாரமே, கருவிலிருக்கும் குழந்தையைக் கவனிக்கும் ஃபீட்டல் மெடிசின் நிபுணரைப் பாருங்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துச் சோதிக்கலாம். தவறினால் 16 வாரத்தில் பனிக்குட நீர்ச் சோதனை. இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் மிகச் சிறிய அளவில் உண்டு. ஹீமோகுளோபின் கோளாறுகளுக்காக, பதிவு பெற்ற மையத்தில் இதைச் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. இருவரின் மரபணு ரிப்போர்ட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆய்வகம் அந்த இரண்டு இடங்களைத்தான் தேடும். கணவரின் மாற்றத்தைச் சில ஆய்வகங்கள் 6-க்குப் பதிலாக 7-வது இடம் என்று எழுதும். சங்கிலியின் தொடக்கத்தில் வந்து பிறகு நீக்கப்படும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது, பயப்பட வேண்டாம்.

தலசீமியா கேரியருக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவு போதும். ஃபோலிக் அமிலத்தை நிறுத்த வேண்டாம்.

கர்ப்பத்தில் சோதிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தால், பிறந்ததும் குழந்தையின் ரத்தத்தைச் சோதியுங்கள். நோய் உறுதியானால் 2 மாத வயதிலேயே பென்சிலின் தொடங்க வேண்டும், நிமோகாக்கல் தடுப்பூசியும் தவறக் கூடாது.