தெற்கு மெட்ரோபாலிட்டன் தொகுதியின் 2018 முடிவு குறித்து

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மேலவையின் தெற்கு மெட்ரோபாலிட்டன் தொகுதியில், 2018-இல் 13 விழுக்காட்டுக்கு மேல் முதல் விருப்ப வாக்கு (வாக்காளர் ‘1’ எனக் குறிப்பது) பெற்ற பசுமைக் கட்சி தோற்க, ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டிய சஸ்டெய்னபிள் ஆஸ்திரேலியா என்ற சிறு கட்சி வென்றதால், உங்கள் அட்டவணையில் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. ஐந்து இடங்களுக்கு வெற்றி வரம்பு ஏறத்தாழ 16.7 விழுக்காடு. வாக்குச்சீட்டில் கட்சிகளின் பெயர்கள் உள்ள, கோட்டுக்கு மேலான பகுதியில் ஒரே கட்சியைக் குறித்தவரின் அடுத்தடுத்த விருப்பங்களை அக்கட்சி முன்பே பதிந்த பட்டியலே தீர்மானிப்பதால், எண்ணிக்கையில் விலக்கப்படும் சிறு கட்சிகளின் வாக்குகள் ஒருவரிடம் குவிந்துவிடுகின்றன. வாக்காளர் அறியாமலே அவர் வாக்கு இடம்பெயரும் இம்முறை நியாயமற்றது என்றே கருதுகிறேன். ஆகவே, 2006 முதலான முடிவுகளை ஒப்பிடுகையில், முதல் விருப்ப விழுக்காட்டோடு ஒவ்வொரு எண்ணிக்கைச் சுற்றின் வாக்குப் பகிர்வையும் சேருங்கள். 2014, 2022 தேர்தல்களுக்கு முன் தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்.