அக்கா, இந்த கேம் வாங்கலாமா?

(மதுரை செல்லூரில் மணிக் கணக்கில் கேம் ஆடவிடும் கடை நடத்துகிறவர் எழுதும் பகுதி. கடைக்கு வரும் பையன்கள் கூப்பிடுவதைப் பார்த்து வாசகர்களும் ‘அக்கா’ என்றே எழுதுகிறார்கள்.)

‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ வாங்கித் திணறிக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்கிறார்கள். எனக்கு ஆடத் தெரியவில்லையா, கேமே அநியாயமா?
கல்லூரி மாணவர், சிம்மக்கல்

கேம் கொஞ்சம் அநியாயம்தான் தம்பி. அதற்காக மோசமான கேம் என்று சொல்ல மாட்டேன்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துச் சின்னக் குழு டீம் செர்ரி. 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள், 2025 செப்டம்பர் 4-ல்தான் கண்ணில் காட்டினார்கள். அன்றைக்கு ஸ்டீம் உள்பட ஆன்லைன் கடைகளே கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன. இத்தனை வருஷம் காத்திருந்தவர்கள் குறை சொல்ல வாயெடுக்க மாட்டார்கள். உன் நண்பர்கள் கதை அதுதான்.

ஒரு கேமை எடைபோட நான் பார்ப்பது ஒன்றைத்தான். தோற்றவனை அது என்ன செய்கிறது? ஜெயிக்கிறவனுக்கு எல்லா கேமும் நல்ல கேம். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவன் தோற்ற அடுத்த நிமிஷம் என்ன செய்கிறான் என்பது கல்லாவில் இருந்தே தெரியும். சில்க்சாங் ஆடுகிறவன் நடந்துகொண்டிருப்பான்.

‘லாஸ்ட் ஜட்ஜ்’ என்கிற பாஸையே, அதாவது வழி மறிக்கும் பெரிய எதிரியையே எடுத்துக்கொள். ஒவ்வொரு முறை செத்த பிறகும், கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் ஆரம்பித்து, மணல் காற்றும் குடைந்து வரும் பூச்சிகளும் தாண்டி அதே வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பிடித்து, ஆரப்பாளையத்தில் கொண்டுபோய் விட்டு, நடந்து வா என்று சொல்வது போல. போதாக்குறைக்கு அந்த பாஸ் விழுந்த பிறகும் வெடிக்கும். ஜெயித்துவிட்டோம் என்று பக்கத்தில் நின்றவன் அந்த வெடியில் செத்து, கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்ததை என் கடையிலேயே பார்த்தேன். சிரிக்கக்கூடாது என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சண்டை கடினமாக இருப்பதில் எனக்குப் புகாரே இல்லை. நாம் ஆட்டுவிக்கும் ஹார்னெட் துள்ளுவதும் சாய்ந்து பாய்வதும் கைக்கு வந்துவிட்டால் அவ்வளவு அழகு. ஆனால் ஆரம்பத்தில் உன்னிடம் இருப்பது ஐந்து முகமூடி, உயிர்க் கணக்கே அதுதான். பெரிய எதிரிகள் பலர் ஒரே அடியில் இரண்டைப் பிடுங்குகிறார்கள். சில இடங்களில் உட்காரும் பெஞ்சுக்கே காசு. வந்த சில நாளில் ஆரம்பத்து பாஸ் இரண்டை அவர்களே கொஞ்சம் இளக்கினார்கள் என்றால் பார்த்துக்கொள். உனக்கு இரண்டு யோசனை. கேமுக்குள் காசாகப் புழங்கும் மணிகளை அங்கே இருக்கும் கடையில் கொடுத்துக் கோத்து வை. கோத்தது செத்தாலும் போகாது. அப்புறம், எதிரியை அடிக்க அடிக்கச் சேரும் நூல் நிறைந்ததும் ஒரே மூச்சில் மூன்று முகமூடி திரும்பும். அதனால் பயந்து விலகி நிற்காமல் அடித்து நூலைச் சேர்.

அதே மாதம் 25-ம் தேதி முழுசாக வந்த ‘ஹேடிஸ் 2’ ஆடிப்பார். அதிலும் சாவாய். ஆனால் செத்து வீடு திரும்பினால் அங்கே இருப்பவர்கள் புதுசாக ஏதாவது பேசுவார்கள், கதை நகரும், கையில் கொண்டுவந்ததை வைத்து எதையாவது வளர்த்துக்கொள்ளலாம். என் கடையில் அந்த கேமில் செத்தவன் யாரும் முகம் சுளித்ததில்லை.

ஜிடிஏ 6 எப்போ அக்கா?
பலர், பல ஊர்

முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், நான் இதை எழுதும்போது நவம்பர் 19 என்கிறார்கள். முன்பணம் கட்டச் சொல்லி வரும் லிங்க் எதையும் தொடாதீர்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அவருக்கு கேம் பைத்தியம், எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஆட ஏதாவது உண்டா?
வாசகி, அனுப்பானடி

‘ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன்’ வாங்கச் சொல்லுங்கள் தங்கச்சி. 2025 மார்ச்சில் வந்தது, சுவீடன்காரர்களின் ஹேஸ்லைட் குழு செய்தது. தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தும் ஆடலாம். ஆளுக்கொரு ஊரில் இருந்தால் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். எழுதத் துடிக்கும் இரண்டு பெண்கள், மியோ, ஸோயி. ஒருத்தி எழுதுவது விண்வெளிக் கதை, இன்னொருத்தி மாயாஜாலம். இருவரும் தங்கள் கதைகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

பன்றிக்குட்டிகளாக மாறி ஆடும் ஒரு பகுதி வரும். ஒருத்தி சுருள் மாதிரி நீண்டு குதிப்பாள், இன்னொருத்தி பின்பக்கத்துக் காற்றில் பறப்பாள். சிரித்துக்கொண்டே போனால் கடைசியில் இரண்டும் கறிக் குழலாகி, ரொட்டிக்குள் போய், சாஸ் ஊற்றிக்கொள்ள நீங்களே ஓடுவீர்கள். என் கடையில் இதை ஆடிய அண்ணன் தங்கை இருவர் போட்ட சத்தத்தில் பக்கத்து டெய்லர் கடைக்காரர் என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்தார்.

உங்களுக்கு ஏன் இது என்றால், நீங்கள் விழுந்தாலும் இரண்டு மூச்சுக்குள் அங்கேயே எழுந்துவிடலாம். பாஸ் சண்டையில் விழுந்தால் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள், அதுவரை அவர் தாக்குப்பிடிப்பார். இருவரும் ஒன்றாக விழுந்தால்தான் கொஞ்சம் பின்னே போகும். ‘உன்னால்தான் தோத்தோம்’ என்று ஒருத்தரை ஒருத்தர் சொல்ல நேரமே இருக்காது. கதை சுமார்தான். வில்லன் எதற்காக வில்லன் என்று யோசிக்காதீர்கள், வசனமும் சப்பென்று இருக்கும். கடைசிக் கட்டத்தில், திரையை இருவருக்கும் பாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டை வைத்தே ஒரு வேலை காட்டுகிறார்கள். அதை மட்டும் முன்னாடியே யூடியூபில் பார்த்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பையன் வருஷா வருஷம் புது ஃபுட்பால் கேம் கேட்கிறான். இப்போது ‘எஃப்சி 26’. வாங்கிக் கொடுத்தாலும் பேக் வாங்கக் காசு என்று திரும்ப வருகிறான். போன வருஷ கேமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
மளிகைக் கடைக்காரர், திருமங்கலம்

அண்ணே, வித்தியாசம் இருக்கிறது, விலைக்கு ஏற்ற அளவு இல்லை. இந்த முறை ஆட்டத்தை இரண்டு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் மோதுகிறவர்களுக்கு வேகமான ஆட்டம், தனியாக ஆடுகிறவர்களுக்கு நிஜ மேட்ச் மாதிரி நிதானமான ஆட்டம். அந்த நிதான ஆட்டம் எனக்குப் பிடித்தது. கோல்கீப்பர் தட்டிவிடும் பந்து நேராக எதிராளி காலில் போய் விழும் பழைய தொல்லையும் குறைந்திருக்கிறது. போன வருஷ கேம் வீட்டில் இருந்தால் அடுத்த தள்ளுபடி வரை காத்திருக்கலாம்.

பேக் விஷயம் வேறு. ‘அல்டிமேட் டீம்’ பகுதியில் தோற்றவனுக்கு அந்த கேம் சொல்வது ஒன்றுதான்: உன் டீம் சரியில்லை, புது ஆள் வாங்கு. உள்ளே யார் இருப்பார்கள் என்று தெரியாமல் வாங்கும் உறை அது. ஆடி ஆடியும் சேர்க்கலாம், ஆனால் காசு போடுகிறவன் வேகத்துக்கு ஓட முடியாது. பெல்ஜியத்தில் இது சூதாட்டம் என்று அரசு அழுத்தியதால் 2019 ஜனவரியில் அங்கே காசுக்கு விற்பதை நிறுத்தினார்கள். நம் ஊரில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைப் பற்றியது. இதில் பணம் திரும்பி வருவதே இல்லை, போவது மட்டும்தான்.

பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பையன் ஆடுவது பிஎஸ்5 பெட்டியில் என்றால், அதில் குடும்பக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதில் பையன் கணக்கின் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யம் ஆக்குங்கள், கார்டு விவரத்தையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த கேமில் ‘கரியர்’ பகுதியை ஆடச் சொல்லுங்கள். உறை பிரிக்காமலே வருஷம் ஓடும்.

விருதெல்லாம் அள்ளிய ‘கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’ ஆளுக்கொரு முறை அடித்துக்கொள்ளும் கேமாமே. எனக்குத் தூக்கம் வராதா?
ஐடி ஊழியர், கே.புதூர்

வராது. முறை வைத்து அடிப்பதுதான், ஆனால் எதிரி அடிக்கும்போது நீங்கள் சும்மா உட்கார முடியாது. சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் தடுத்துத் திருப்பி அடிக்கலாம். எதிரி கையை ஓங்கிவிட்டு வேண்டுமென்றே தாமதிப்பான். அவசரப்பட்டால் அடி உங்களுக்கு. கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள், சத்தம்தான் சரியாகக் காட்டிக்கொடுக்கும். நான் ஹெட்போன் போட்ட பிறகுதான் உருப்படியாக ஆடினேன்.

பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் குழுவுக்கு இதுதான் முதல் கேம். 2025 ஏப்ரல் 24-ல் வந்து, டிசம்பரில் கேம் அவார்ட்ஸின் ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. கதையில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெண் ஓர் எண்ணை வரைவாள், அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் பூவிதழாக உதிர்ந்து போவார்கள். அந்த முதல் அரைமணி நேரத்துக்கே காசு கொடுக்கலாம்.

குறை என்றால், உள்ளே போகும் இடங்களுக்கு வரைபடமே இல்லை. வந்த வழியிலேயே சுற்றுவீர்கள். கடைசிப் பகுதியில் உங்கள் பலம் கண்டபடி ஏறி, கஷ்டப்பட்டுப் பழகிய தடுப்புக்கே வேலை இல்லாமல் போகிறது. கதை மூன்றாம் பகுதியில் எடுக்கும் திருப்பத்தைப் பற்றி என் கடையில் இரண்டு கோஷ்டி இன்னும் சண்டை போடுகிறது. நான் எந்தக் கோஷ்டி என்று இங்கே சொன்னால் கதை வெளியே வந்துவிடும்.

பழைய லேப்டாப்தான் இருக்கிறது. தவணையில் கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி வாங்கிவிடட்டுமா?
வாசகர், உசிலம்பட்டி

வேண்டாம். ‘மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ 2025 பிப்ரவரி கடைசியில் வந்து ஒரே மாதத்தில் ஒரு கோடி விற்றது. நல்ல பிசி வைத்திருந்தவர்களுக்கே திக்கித் திக்கி ஓடியதால் ஸ்டீமில் திட்டித் தீர்த்தார்கள். பணம் போட்டால் மட்டும் நன்றாக ஓடும் என்று நினைக்காதீர்கள்.

சில்க்சாங் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். ‘பலாட்ரோ’ எதில் வேண்டுமானாலும் ஓடும், போனிலும் இருக்கிறது. சீட்டு அடுக்கிக் கணக்குப் போடும் ஆட்டம், காசு பந்தயம் ஏதும் கிடையாது. சீட்டுப் படத்தைப் பார்த்து ஐரோப்பாவில் 18 வயது முத்திரை குத்தி, 2025-ல் 12 ஆகக் குறைத்தார்கள். தோற்றால் ஒரு பொத்தான், அடுத்த ஆட்டம். அதனாலேயே ராத்திரி தூக்கம் கெடும், சொல்லிவிட்டேன்.

எதை வாங்கினாலும் ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை உங்கள் லேப்டாப்புக்கு வைக்கும் பரீட்சையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் நான். துப்பாக்கி, வேகம் எதுவும் ஒத்துவராது. பேரன் விட்டுப்போன கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது.
மேலூர்

ஐயா, ‘புளூ பிரின்ஸ்’. 2025 ஏப்ரல் 10-ல் வந்தது. உறவுக்காரப் பெரியவர் ஒருவர் 45 அறை மாளிகையை எழுதிவைத்துவிட்டு, 46-வது அறையைக் கண்டுபிடித்தால்தான் உனக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 50 அடிதான் எடுத்துவைக்கலாம். தீர்ந்தால் நாள் முடிந்தது, மறுநாள் மாளிகை வெறுமையாகிவிடும்.

ஓர் அறையில் நீலம், வெள்ளை, கறுப்பு என்று மூன்று பெட்டிகள். மேலே எழுதியிருப்பதில் குறைந்தது ஒன்று உண்மை, குறைந்தது ஒன்று பொய். ஒரு பெட்டியில்தான் ரத்தினம். உங்களுக்கு இது காலைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆகிற வேலை. பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு அவசியம். நாள் தோற்றாலும் நோட்டில் எழுதியது நிற்கும், இந்த கேமில் உங்கள் சொத்தே அதுதான். விடை தெரிந்தும் வேண்டிய அறை வராமல் நாள் கணக்கில் இழுத்தடிப்பது எரிச்சல். பல புதிர்கள் ஆங்கில எழுத்துகளை வைத்தே போட்டவை; அதற்குப் பேரனுக்கு போன் போடலாம்.

தமிழ் பேசும் கேம் ஏதாவது உண்டா?
வாசகி, வாடிப்பட்டி

‘வெண்பா’. 2023 ஜூலையில் வந்தது, டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை வைத்து இட்லி, புட்டு, பிரியாணி என்று விட்டுப்போன வரிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். தப்பாகப் போனால் பாத்திரத்தைக் கழுவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

பையனைக் கூட்டிப்போகக் கோபமாக வந்த ஓர் அம்மா, அவன் இட்லித் தட்டை அடுக்குவதைப் பார்த்துவிட்டு, “தட்டைத் திருப்பி வைடா, இப்படி வச்சா ஆவி எப்படி ஏறும்?” என்று கேட்டார். அதுதான் அந்தப் புதிருக்கு விடை. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். நான் கூடுதல் காசு வாங்கவில்லை. முழு கேமுமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதுதான் என் குறை. மகன் வளர்ந்த பிறகு வரும் பகுதி ஓட்டமாக ஓடுகிறது.

புது கேம் வெளியான அன்றே உங்கள் கடையில் ஆடலாமா?
பள்ளி மாணவர், ஆரப்பாளையம்

முடியாது. சில கேம் 100 ஜிபிக்கு மேல், என் இணைப்புக்கு ராத்திரி முழுக்க இறங்கும். பிழைகளைத் திருத்தும் முதல் பேட்ச் வந்த பிறகுதான் போடுவேன். பள்ளிக்கூட நேரத்தில் யூனிஃபார்மோடு வந்தால் உள்ளே விட மாட்டேன், பரோட்டா தின்ற கையோடு கன்ட்ரோலரைத் தொடவும் விட மாட்டேன். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கடை கிடையாது.