முன் கண்ணாடியில் கல் பட்டால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முன்னால் போன லாரியிலிருந்து ஜல்லி தெறித்து முன் கண்ணாடியில் புள்ளி விழுந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டுமா? (ஆம்பூர்)

ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் புள்ளி, ஓட்டுபவரின் பார்வைக்கு நேராகவும் இல்லை, ஓரத்திலும் இல்லை என்றால் புள்ளியை நிரப்பும் ரெசின் என்ற பசையை ஏற்றினாலே போதும். லேசாகத் தழும்பு தெரியும், அவ்வளவுதான். இன்றே அதன் மேல் செல்லோ டேப் ஒட்டுங்கள். தண்ணீரும் தூசியும் இறங்கிவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. வெயிலில் காய்ந்த கண்ணாடி மீது ஏசி காற்றைத் திருப்பாதீர்கள். விரிசல் ஓடிவிடும்.

கேள்வி: பின் கண்ணாடிக்கும் ரெசின் போடலாமா? (தேனி)

போட முடியாது. அது டஃபண்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி, உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: கண்ணாடியை மாற்றிவிட்டேன், பில் இருக்கிறது. இன்சூரன்ஸ் பணம் வருமா? (கரூர்)

போட்டோ எடுத்தீர்களா, கம்பெனிக்குச் சொன்னீர்களா, பாலிசி எந்த வகை? எதையுமே எழுதாமல் என்னிடம் பதில் கேட்டால் எப்படி? மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் ஒரு பைசா வராது. முழு பாலிசியாகவே இருந்தாலும், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்காத சேதத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. முதலில் போட்டோ, அடுத்து கம்பெனிக்குத் தகவல், அப்புறம்தான் கண்ணாடியில் கை வைப்பது.

கேள்வி: 'இன்சூரன்ஸில் போட்டுக்கலாம் சார், உங்களுக்கு ஆயிரம் ரூபாய்தான் செலவு' என்கிறார் சர்வீஸ் அட்வைசர். கண்ணாடி 7,000 ரூபாய். எனக்கு 50 சதவீதம் என்சிபி (கிளெய்ம் போடாததற்கான பிரீமியம் தள்ளுபடி) இருக்கிறது. (திருப்பூர்)

இந்த 'ஆயிரம்தான் செலவு' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அவர் சொன்னதில் பொய் இல்லை. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்குக் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய்தான். ஆனால் சொல்லாமல் விட்டது பெரிது. ஒரு கிளெய்ம் போட்டாலே என்சிபி சுழியத்துக்கு வந்துவிடும். உங்கள் ஓடி பிரீமியம் (சொந்த வண்டியின் சேதத்துக்கானது) தள்ளுபடிக்கு முன் 12,000 என்று வையுங்கள். இப்போது பாதி கட்டுகிறீர்கள். அடுத்த வருடம் முழுசாகக் கட்ட வேண்டும், கிளெய்மில் கிடைத்த 6,000 அங்கேயே போச்சு. அதற்கடுத்த வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வர முடியும். வருடா வருடம் பிரீமியம் குறைவதைக் கழித்தாலும் இப்படிக் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 10,000-க்குக் குறையாது. கைக்காசு போட்டு மாற்றுங்கள். கிளெய்ம் போட்டாலும் தள்ளுபடியைக் காக்கும் என்சிபி புரொடெக்ட் எடுத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். கண்ணாடி 40,000 ஆகும் பெரிய வண்டிக்காரர்கள் தாராளமாக கிளெய்ம் போடலாம். அவர்களுக்கும் அதேதான்: முதலில் போட்டோ, அடுத்து தகவல்.

கேள்வி: பழைய கண்ணாடியில் இருந்த ஃபாஸ்டேகை உரித்து ஒட்டலாமா? (நாகர்கோவில்)

உரித்தால் கெட்டுவிடும். டேக் தந்த வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஏடாஸ் (ஓட்டுபவருக்கு உதவும் எச்சரிக்கை அமைப்பு) கேமரா இருந்தால், அதை காலிபரேட் செய்யாமல், அதாவது சரியாகப் பார்க்கும்படி அளவு திருத்தாமல், வண்டியை எடுக்காதீர்கள்.