கட்டுத்தறி மாட்டுக்கு நலனா, உரிமையா? – வாசகர் கேள்வி பதில்

பசு, மட்டக்குதிரை, புலி, நேர்த்திக்கடன் கெடா என்று இம்முறை வந்த கடிதங்கள் பல திசையில் போனாலும், எல்லாம் விலங்குக்கு வேண்டியது நலனா, உரிமையா என்ற ஒரே முடிச்சில்தான் வந்து நிற்கின்றன. ஆகையால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாடசாலை விவாதத்துக்கு "விலங்குகளுக்கு உரிமை உண்டு" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஒருவர் விலங்கு நலன் என்கிறார், இன்னொருவர் விலங்கு உரிமை என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?
– உயர்தர மாணவர், தலவாக்கலை

பதில்: ஒன்றல்ல, தம்பி. ஒரு கோழிக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறைக் கம்பிக்கூட்டில் ஒரு முட்டைக்கோழிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 450 சதுர சென்ரிமீற்றர். உங்கள் பயிற்சித்தாள், அந்த ஏ4 தாள், அதைவிடப் பெரிது. கோழி அதில் சிறகை விரிக்க முடியாது. விலங்கு நலன் பேசுகிறவர் அங்கே வந்து இடத்தைக் கூட்டு, உட்காரக் கம்பு வை, முட்டையிட மறைவான பெட்டி வை என்பார். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் அந்த வெறும் கம்பிக்கூட்டைத் தடைசெய்து, கூட்டில் வளர்த்தால் கோழிக்கு 750 சதுர சென்ரிமீற்றர் வேண்டும் என்றது நலன் வழியில்தான். விலங்கு உரிமை பேசுகிறவர் அதே கூட்டுக்கு முன்னால் நின்று, முட்டைக்காக ஓர் உயிரை அடைத்து வைக்க நமக்கு ஏது அதிகாரம் என்பார். கூட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அவர் கேள்விக்கு அது விடையாகாது.

நலன் தரப்புக்கு அளவுகோல் உண்டு. பிரித்தானியாவில் 1965இல் பிரம்பெல் குழு பண்ணை விலங்குகளைப் பற்றித் தந்த அறிக்கையிலிருந்து வளர்ந்ததுதான் "ஐந்து சுதந்திரங்கள்": பசி தாகம் இல்லாமை, உடலுக்கு ஒவ்வாத இருப்பிடம் இல்லாமை, வலி காயம் நோய் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ள இடம், அச்சமும் மனவேதனையும் இல்லாமை. பெயரில் சுதந்திரம் இருந்தாலும் இது உரிமைக் கோட்பாடு இல்லை. கடைசியில் அந்த விலங்கை அறுப்பதை இது தடுக்கவில்லை. விவாத மேடையில் பலர் வழுக்குகிற இடம் இது.

இன்னோர் இடமும் உண்டு. தத்துவவாதி பீற்றர் சிங்கர் 1975இல் "விலங்கு விடுதலை" என்ற நூலில் எழுதியதை எல்லோரும் உரிமை வாதம் என்கிறார்கள். அவர் நின்றது துன்பக் கணக்கில்: மாட்டின் வலியும் மனிதனின் வலியும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும் என்பதே அவர் வாதம். விலங்குக்குத் தன் வாழ்வு தனக்கே உரியது, யாருடைய பயனுக்காகவும் அதைக் கருவியாக்கக்கூடாது என்று உரிமையைத் தத்துவமாக நிறுவியவர் அமெரிக்கத் தத்துவவாதி டொம் ரீகன், 1983இல். நீதிமன்றக் கதை வேண்டுமானால், நியூயோர்க் விலங்குக்காட்சிச்சாலையில் இருந்த ஹெப்பி என்ற யானைக்காக ஆட்கொணர் மனு, அதாவது அடைத்து வைத்த ஆளை விடுவிக்கக் கோரும் மனு, போட்டார்கள். 2022இல் அந்த மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 5க்கு 2 என்ற கணக்கில், யானை சட்டத்தின் முன் "ஆள்" ஆகாது என்று தீர்ப்பளித்தது. தோற்றாலும், இரண்டு நீதிபதிகள் மறுபக்கம் நின்றார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு பசு வளர்க்கிறேன். பால் காசில்தான் பிள்ளைகளின் படிப்புச் செலவு. பால் கறப்பதே மாட்டுக்குச் செய்யும் கொடுமை என்று கூட்டமொன்றில் ஒரு பிள்ளை பேசியது. மனசு கேட்கவில்லை. நான் செய்வது பாவமா? சரியாக வளர்ப்பது எப்படி?
– வாசகி, பொகவந்தலாவ

பதில்: அந்தப் பிள்ளை பேசியது உரிமை. அது பொய்யில்லை, கன்றுக்குரிய பாலைத்தான் நாம் எடுக்கிறோம். ஆனால் இன்று இரவு உங்கள் பட்டியில் நிற்கும் பசுவுக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. அதற்கு நீங்கள் பட்ட கடன் தண்ணீரிலும் தரையிலும் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் தண்ணீர். மலைநாட்டுப் பட்டிகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்: குளிர்தானே, மாடு குடிக்காது என்று காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி வைப்பது. ஒரு லீற்றர் பாலுக்கு 4 முதல் 5 லீற்றர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். 10 லீற்றர் கறக்கும் பசுவுக்கு நாளுக்கு 50 லீற்றருக்கு மேல் வேண்டும். இளம்புல்லில் கொஞ்சம் ஈரம் கிடைக்கும், புண்ணாக்கும் தவிடும் தின்னும் நாளில் தாகம் கூடும். பீப்பாயைப் பாதியாக வெட்டித் தொட்டியாக வைத்து எந்நேரமும் நிரப்பி விடுங்கள். வெட்டிய விளிம்பை மடித்து விடவேண்டும், இல்லாவிட்டால் தாடையைக் கிழிக்கும். தண்ணீர் போதுமா என்று பார்க்க, கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. இரண்டு விநாடிக்கு மேல் கூடாரம் போல நின்றால் மாடு காய்ந்திருக்கிறது.

அடுத்தது தரை. பசு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும். படுக்க முடியாத பசுவுக்குக் குளம்பு கெடும், பாலும் குறையும். சீமெந்துத் தரையில் நீங்களே முழங்காலிட்டுப் பத்து விநாடி இருந்து பாருங்கள். உங்களுக்கு நொந்தால் அதற்கும் நோகும். சீலை நனைந்தால் படுக்கை ஈரம். இறப்பர் விரிப்போ காய்ந்த புல்லோ மரத்தூளோ போடுங்கள். மூத்திரம் தேங்காமல் வடிய, 4 அடிக்கு ஓர் அங்குலம் என்று தரையைச் சாய்க்க வேண்டும். அதற்குமேல் சாய்த்தால் மாடு வழுக்கும். தேங்கிய ஈரத்தில் குளம்பு ஊறி மென்மையாகி, விரல்களுக்கிடையில் அழுகும். நடையில் நொண்டல் தெரிகிற போது நோய் ஏற்கனவே உள்ளே போயிருக்கும்.

மூடுபனிக்குப் பயந்து நான்கு பக்கமும் பொலித்தீன் கட்டிவிடுவார்கள். உள்ளே போனதும் கண் எரிந்தால் அது மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா. மாட்டின் நுரையீரலுக்கு அது குளிரைவிடக் கேடு. காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் மாட்டின் முதுகு உயரத்துக்கு மறையுங்கள். அதற்கு மேலே திறந்திருக்கட்டும். கயிறு, மாடு படுத்துக்கொண்டு தலையைத் திருப்பித் தன் விலாவை நக்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். தேயிலை மலையில் புல் அறுக்கும்போது எந்த மலைக்கு மருந்து அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு அறுங்கள். களைநாசினி பட்ட புல் இரண்டொரு நாள் பச்சையாகத்தான் நிற்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கறக்குமுன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக வந்தால் மடிநோய். அன்றே மாட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றக்கூடாது என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கன்றின் கொம்பைச் சுடுவதென்றால் பிறந்து முதல் சில வாரங்களுக்குள், விறைப்பூசி போட்டு, டொக்டர் கையால் மட்டும். விறைப்பூசி இல்லாமல் சூட்டுக்கோல் வைப்பது எந்தக் காலத்திலும் சரியில்லை.

இனிக் காளைக்கன்று. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, எங்களுக்கு வரும் பெரும்பாலான கடிதங்களிலும் இருப்பதில்லை. பசு கன்று போட்டால்தான் பால். போடுவதில் ஏறத்தாழப் பாதி காளை. ஒவ்வொரு லீற்றரும் காசு என்பதால் காளைக்கன்றுக்குச் சீம்பாலையே குறைத்து விடுகிறார்கள். அது கழிச்சலில் சாகும், "தங்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அது பட்டினிச் சாவு. பிறந்த 6 மணி நேரத்துக்குள், 30 கிலோ கன்றுக்கு 3 லீற்றர் சீம்பால், இரண்டு தடவையாகப் போக வேண்டும். ஒரு நாள் கடந்தால் குடல் அந்த நோயெதிர்ப்புச் சத்தை உறிஞ்சாது. தொப்புளை அயடீனில் தோய்த்து விடுங்கள். பிறகு குறைந்தது 8 வாரம், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும். பெண் கன்றுக்குக் கொடுப்பதில் ஒரு துளியும் குறையக்கூடாது. அடுத்த முறை செயற்கைச் சினைப்படுத்தலுக்கு வருபவரிடம், பெண் கன்று பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் பத்துக்கு ஒன்பது பெண் கன்றாகும். கூட்டத்தில் பேசிய அந்தப் பிள்ளையின் கேள்வி நமக்கு வேண்டியது இங்கேதான். நலன் மட்டும் பேசுகிற நாங்கள் பசுவின் மடியைப் பார்த்துப் பார்த்து, மூலையில் கிடக்கும் காளைக்கன்றை நெடுநாள் பார்க்காமல் இருந்தோம்.

கேள்வி: ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை மட்டக்குதிரையில் ஏற்றுகிறார்கள். அதைத் தடுக்க வேண்டாமா?
– வாசகர், நானுஓயா

பதில்: ஏறுவதே கூடாது என்பது உரிமை. ஏறினால் என்ன பாரம் என்பது நலன், அதைக் கணக்கிடலாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, தோளிலிருந்து பிட்டம் வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும், எல்லா அளவும் சென்ரிமீற்றரில். சுற்று 150, நீளம் 150 என்றால் ஏறத்தாழ 284 கிலோ. அதில் ஐந்தில் ஒன்று, சேணத்தோடு சேர்த்து 57 கிலோதான் எல்லை. பிள்ளை ஏறலாம், அப்பா ஏறக்கூடாது. ஏற்றுமுன் சேணவார் ஓடும் இடத்தையும் வாயோரத்தையும் பாருங்கள். மயிர் உதிர்ந்து சிவந்திருந்தால் காசு கொடுக்காமல் திரும்பி வாருங்கள். அதற்குக் காரணத்தையும் குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் வயிறும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருகிறது. சுருக்குக் கம்பி கட்டினால் புலி மாட்டுகிறது என்று திட்டுகிறார்கள். பன்றிக்கு உரிமை இல்லையா, புலிக்கு மட்டும்தானா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: நியாயமான கேள்வி. புலிக்காகப் பேசுவது பெரும்பாலும் மூன்றாவது ஒன்று: இனப் பாதுகாப்பு. நாம் புலி என்று சொல்லும் இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத உப இனம் என்பதால் ஒவ்வொன்றும் கணக்கில் வருகிறது. நலனும் உரிமையும் இனத்தை எண்ணுவதில்லை. கம்பியில் துடிக்கும் பன்றியின் வலியும் அவற்றுக்கு வலிதான். அந்த இரண்டின்படியும் சுருக்கு தவறு.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு போனார்கள், சில நாளில் இறந்தது. பன்றிக்குக் கட்டிய சுருக்கு புலியின் இடுப்பில் விழும். அது இழுக்க இழுக்கக் கம்பி இறுகி உள்ளுறுப்புகள் நசுங்கும், தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே மாட்டிய புலியைக் கண்டால் கம்பியை வெட்டாதீர்கள், கிட்டப் போகாதீர்கள், படம் எடுக்கக் கூட்டம் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது இன்னொரு தடவை இழுக்கும். 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், மயக்க ஊசியோடு வருவார்கள்.

பன்றி வேலியைத் தாண்டுவதைவிடக் கிளறிக்கொண்டு நுழைவதே வழக்கம். தகரமோ வலையோ மண்ணுக்குள் ஓர் அடி இறங்கட்டும். தோட்டத்தை ஒட்டிய பற்றையை வெட்டி வெளியாக்குங்கள், மறைவில்லாத இடத்தைக் கடக்கப் பன்றி தயங்கும். அழுகிய கிழங்கையும் இலைகளையும் ஓரத்தில் கொட்டாதீர்கள், அந்த வாசனைக்குத்தான் முதலில் வருகிறது.

கேள்வி: எங்கள் முனியாண்டி கோயிலில் கெடா வெட்டு. இளைஞர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள், பெரியவர்கள் சாமி கோபிக்கும் என்கிறார்கள்.
– கோயில் குழு உறுப்பினர், பண்டாரவளை

பதில்: இளைஞர்கள் பக்கம்தான் எங்கள் மனம். நீற்றுப்பூசணியை வெட்டிக் குங்குமம் தடவிப் பலி கொடுப்பதும் நம் முன்னோர் வழக்கம்தான், புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. பெரியவர்களிடம் அதைச் சொல்லிப் பேசுங்கள். இந்த வருடம் முடிவாகாவிட்டால், கெடாவைக் காலைக் கட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுவருவதையாவது இப்போதே நிறுத்துங்கள். முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீர் இருக்கட்டும். ஒன்றின் கண்முன் இன்னொன்றை வெட்டக்கூடாது. இரத்த வாடையில் அது நடுங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் நாயைப் பட்டினி போட்டுச் சங்கிலியில் அடிக்கிறார்கள். சட்டம் இருக்கிறதா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குகளுக்கான கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம். அதில் எழுதப்பட்ட தண்டம் 100 ரூபா வரை, சிறை மூன்று மாதம் வரை. வெள்ளைக்காரன் காலத்து 100 ரூபா அது. புதிய விலங்கு நலச் சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே வரைவு தயாரித்தது. தண்டம் சிறிது என்று முறைப்பாட்டை விடாதீர்கள். திகதி, நேரம் குறித்து மூன்று நான்கு நாட்களின் படங்களை எடுங்கள். விலாவெலும்பும் வெறும் தண்ணீர்ச் சட்டியும் படத்தில் தெரியவேண்டும். பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்குங்கள். நாயின் நிலையை அரச கால்நடை வைத்தியர் பார்த்து எழுதித் தரும்படி பொலிஸாரையே கேட்கச் சொல்லுங்கள், வழக்கில் நிற்பது அந்தத் தாள்தான். நீங்களாகச் சங்கிலியை அவிழ்த்து நாயைக் கொண்டுபோனால், நாய் இன்னும் சட்டத்தில் அவருடைய சொத்து என்பதால், முறைப்பாடு உங்கள் மேல் திரும்பும்.