ஏப்ரல் வெயிலில் தூத்துக்குடி: பிள்ளைகளோடு இரண்டு நாள்

கேள்வி: பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் கடைசியில் சென்னையிலிருந்து தூத்துக்குடி வருகிறோம். கையில் இரண்டு நாள். திருச்செந்தூர் தரிசனம், முத்துநகர் கடற்கரை, மக்ரூன் எல்லாம் முன்பே ஆயிற்று. அதைத் தாண்டிச் சாப்பிட, பார்க்க, சுற்ற என்ன இருக்கிறது? அந்த வெயிலில் பிள்ளைகளை அலைக்கழிக்கலாமா ஐயா?

பதில்: நேரம் பார்த்துக் கிளம்பினால் தாராளமாக அலையலாம். இந்தக் கரையில் முக்கியமானதெல்லாம் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும்தான். நடுப்பகலில் தேரி (செம்மணல்காடு) மணலில் கால் வைக்க முடியாது, கோயில் நடை சாத்தியிருக்கும், பதநீர் புளித்திருக்கும். வந்தவர்கள் பலர் “அங்கே ஒன்றுமில்லை” என்று சொல்வது பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றதால்தான்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடியில் இறங்குங்கள்; திரும்புவதற்கு நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலியிலிருந்து ஏறுங்கள். வந்த வழியே திரும்புகிற அரைநாள் மிச்சமாகும். வாடகைக்கு ஒரு கார் பேசிக்கொண்டால் போதும்.

குளித்துவிட்டு உடனே திருச்செந்தூர் சாலையைப் பிடியுங்கள். முள்ளக்காடு பக்கம் போனதும் உப்பளங்கள். சித்திரை வெயில் உப்புக்கு நல்ல காலம். வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும், வெயில் ஏறஏற ஓயும்; அதனால் வழியில் காபிக்கு நிற்காதீர்கள். அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு பாத்தியின் ஓரம் குத்தவைத்துப் பாருங்கள். தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மெல்லிய பொருக்கு மிதக்கும். அது கனத்துக் கீழே அமிழ்ந்து, சேர்ந்து, கல் உப்பாகிறது. பாத்திக்குள் மட்டும் இறங்க வேண்டாம். அங்கே வெறுங்காலோடு உப்பு வாருகிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம். நம் வீட்டு ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் பின்னால் அவர்கள் உழைப்பு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் உடன்குடிப் பக்கம். பனை ஏறுகிற காலம் இது. சாலையோரத்தில் பதநீர் (இங்கே ‘பயினி’ என்பார்கள்) விற்கிறவரிடம் ஓலைப்பட்டையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். நுங்கும் இருந்தால் அதிலேயே போட்டுத் தருவார். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அதனால் அடியில் கொஞ்சம் வெள்ளையாகத் தங்கும், அதைக் குடிக்காமல் விட்டுவிடுங்கள். கருப்பட்டி வாங்கினால் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிபோல் மினுமினுத்தால் எனக்கு நம்பிக்கை வராது. நல்ல கருப்பட்டியில் இனிப்போடு லேசான கரிப்பும் தெரியும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயரை மட்டும் ஒட்டி விற்பவர்களும் உண்டு, ஆகவே பனங்காட்டுப் பக்கத்திலேயே வாங்குவது நல்லது. சுக்கும் ஏலக்காயும் போட்ட சில்லுக் கருப்பட்டி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

உச்சிவெயிலுக்கு மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின்மேல் திருச்சிலுவை ஆலயம், 1581-ல் எழுந்தது. புனித சவேரியார் தங்கிய குகையும் அங்கேதான். நிழலில் உட்கார்ந்தால் கடற்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குள் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். பிளாஸ்டிக் பொம்மைக்குப் பதில் அதை வாங்குங்கள். மதியச் சாப்பாட்டில் மீன் வேண்டுமென்றால் ஒன்று கவனிக்க வேண்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் புதிது. “இன்றைக்கு நாட்டுப்படகில் என்ன வந்தது?” என்று கேட்டு, கிடைப்பதைச் சாப்பிடுங்கள். சாளையோ நெத்திலியோ ஆனாலும், வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் குளிர்பெட்டி மீனைத் தின்பதைவிட அது மேல்.

மாலை ஐந்து மணிக்குத் தேரி. காயாமொழி, மேலப்புதுக்குடி பக்கம் செக்கச்செவேலென்று மணல்காடு. மணல் துகளின்மேல் படிந்த இரும்புச்சத்துதான் அந்தச் சிவப்பு. கொல்லாமரமும் (முந்திரி) பனையும் உடைமரமும் நடுநடுவே நிற்கும். இத்தனை வறண்ட மணலுக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருக்கிறது. உடைமுள் கிடக்கும், பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம்.

இரவு திருச்செந்தூரில் தங்குங்கள். சித்திரையில் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களில் கொடை (கோயில் திருவிழா) நடக்கும். எந்த ஊரில் என்று டீக்கடையிலும் ஓட்டுநரிடமும் விசாரித்தால் தெரிந்துவிடும். வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள்; முடிந்தால் கணியான் கூத்தைப் பாருங்கள். மகுடம் என்கிற தோல்வாத்தியம் அடிப்பவர் இருவர், பெண் வேடமிட்டு ஆடுபவர் இருவர், குழுவின் தலைவரான அண்ணாவி கதை பாடுவார். என் கணக்கில் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய கலை இதுதான், வெளியூர்க்காரர்கள் கண்ணில் படுவது அபூர்வம். அது வழிபாடு, மேடைக் கச்சேரி அல்ல. சாமியாடும்போது செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பலி கொடுக்கும் நேரம் எப்போது என்று கேட்டு, பிள்ளைகளை அதற்கு முன்பே அழைத்து வந்துவிடலாம்.

மறுநாள் நெல்லை சாலை. காலையிலேயே ஆதிச்சநல்லூர். 1899-லிருந்து தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய பழங்கால இடுகாடு. 2023-ல் திறந்த தள அருங்காட்சியகத்தில், முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே வைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டுகிறார்கள். பத்தரைக்குள் கிளம்பினால்தான் நடை சாத்துமுன் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலைப் பிடிக்கலாம். இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன் சிலை முன்னால் கொஞ்சம் நின்று, நகத்தையும் நரம்போட்டத்தையும் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலச் சிற்பி எதையும் விடவில்லை.

மதியம் திருநெல்வேலியில் அல்வாவுக்கு முன் சொதி. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்த கல்யாண மறுவீட்டுச் சாப்பாடு இது. இஞ்சித் துவையல் இல்லாமல் சாப்பிடக் கூடாது. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, அதனால் காலையிலேயே போன் போட்டுக் கேளுங்கள்.

மக்ரூனை விட மாட்டீர்கள் என்று தெரியும். வந்திறங்கிய காலையிலேயே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், கடற்காற்றில் நமத்துவிடும். முந்திரியோடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது, ஊரில் சைவக்காரர்களுக்குக் கொடுக்குமுன் சொல்லிக் கொடுங்கள்.