சொல் கிடைத்துவிட்டது, பொருள் தெரியவில்லை

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, கலைத்துப் போட்ட ஆங்கில எழுத்துகளை ஒழுங்குபடுத்திச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டில் மிகுந்த ஆர்வம். ஐந்தாறு எழுத்துள்ள சொற்களை விரைவாகக் கூட்டிவிடுகிறாள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் விழிக்கிறாள். விடை வராதபோது எழுத்துகளைக் கைப்பேசியில் இட்டு, அது தரும் பட்டியலைப் பார்த்து எழுதவும் தொடங்கியிருக்கிறாள். இந்த விளையாட்டால் பயன் உண்டா? நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலம் அதிகம் தெரியாது. நான் எப்படி உதவ முடியும்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் மகள் செய்வது எளிய காரியம் அன்று. ஆறு வெவ்வேறு எழுத்துகளை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். ஏழு எழுத்துகள் என்றால் அந்த எண்ணிக்கை 5,040 ஆகிவிடுகிறது. இவற்றை ஒவ்வொன்றாக யாரும் முயன்று பார்ப்பதில்லை. க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யு வரும், எஸ்ஸும் எச்சும் சேர்ந்து நிற்கும், ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் அவை சொல்லின் கடைசிக்குப் போக வாய்ப்பு உண்டு என்பன போன்ற பழக்கங்கள், யாரும் சொல்லித்தராமலேயே அவள் கண்ணில் பதிந்திருப்பதால்தான் விடை விரைவாக வருகிறது. ஒலிப்பு ஒன்றும் எழுத்து ஒன்றுமாக இருக்கும் ஆங்கிலத்தில், எழுத்துக்கூட்டல் கைவசப்படுவது பெரிய பேறு. அதை அவள் மகிழ்ச்சியோடு பெற்றிருக்கிறாள்.

ஆனால் எழுத்தை அடுக்கும் திறமை எவ்வளவு வளர்ந்தாலும், அதுவே பொருளைக் கொண்டுவந்து தராது. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் இதற்குச் சிறந்த சான்று. எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் ஆங்கில உலகப் பட்டத்தைப் பலமுறை வென்ற அவர், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே, அம்மொழியின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015ஆம் ஆண்டு பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியிலும் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். அவருக்கு வேண்டியது வெற்றி, அது கிடைத்தது. உங்கள் மகளுக்கு வேண்டியதோ பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வதும், நாளை ஒரு கடிதத்தைத் தானே எழுதுவதும். அதற்கு இந்த விளையாட்டையே சற்று மாற்றி அமைக்க வேண்டும்.

இப்போது அவள் முதலில் சொல்லைக் கண்டுபிடிக்கிறாள். பொருள் பின்னால் வர வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் வருவதே இல்லை. பொருளை முன்னால் கொண்டுவாருங்கள். பி, எல், ஏ, டி, இ என்ற ஐந்து எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றிலிருந்து சாப்பிடும் தட்டைக் குறிக்கும் பிளேட் என்ற சொல் வரும். பூவின் இதழைக் குறிக்கும் பெட்டல் வரும். துணியில் வைக்கும் மடிப்பைக் குறிக்கும் பிளீட் என்ற சொல்லும் வரும். வெறும் எழுத்துகளை மட்டும் கொடுத்தால், பிளேட் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். ‘உன் சீருடைப் பாவாடையில் வரிசையாக இருப்பது, அம்மா சேலை கட்டும்போது கையால் பிடித்து வைப்பது’ என்று தமிழில் ஒரு குறிப்பை எழுத்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். மூன்றில் எது விடை என்பதை எழுத்துகளால் முடிவு செய்ய இயலாது; பொருளைப் பற்றி எண்ணாமல் அவளால் விடைக்குப் போகவே முடியாது. நார்மன் ஸ்லமெக்கா, பீட்டர் கிராஃப் என்ற உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரு குறிப்புச் சொல்லையும் விடையின் முதலெழுத்தையும் வைத்துத் தாமே வருவித்த சொற்கள், எழுதி வைத்ததை வெறுமனே படித்த சொற்களைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள்.

இந்தக் குறிப்புகளுக்கான சொற்களை வேறெங்கும் தேட வேண்டாம். அவளுடைய ஆங்கிலப் பாடநூலில் பாடத்தோடு தரப்பட்டிருக்கும் அருஞ்சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிர்ப் புத்தகத்தில் வரும் சொல்லை மீண்டும் எப்போது சந்திப்பாள் என்று சொல்ல முடியாது. பாடத்தில் வரும் சொல் மறுநாளே வகுப்பில் எதிர்ப்படும்.

அவளுடைய கண் ஏற்கெனவே பழகியிருக்கும் எழுத்துக் கூட்டங்களுக்குள்ளேயே பொருளும் ஒளிந்திருக்கிறது என்பதை அவளுக்குக் காட்டினால் மிகவும் மகிழ்வாள் என்று நினைக்கிறேன். முன்னால் யு, என் சேர்ந்தால் பல சொற்களில் பொருள் எதிர்மறையாகிவிடும்; ஹேப்பி என்றால் மகிழ்ச்சியான, அன்ஹேப்பி என்றால் மகிழ்ச்சியற்ற. பின்னால் இ, ஆர் சேர்ந்தால் அத்தொழிலைச் செய்பவர் என்று பல இடங்களில் பொருள்படும். டீச் என்பதிலிருந்து டீச்சர், ஃபார்ம் என்பதிலிருந்து ஃபார்மர். ஆனால் அங்கிள் என்ற சொல்லின் தொடக்கத்திலும் யு, என் இருக்கின்றன, அங்கே எதிர்மறை எதுவும் இல்லை. ரிவர் என்பது இ, ஆர் என்று முடிந்தாலும் அது ஆற்றைக் குறிக்கிறதே தவிர எந்தத் தொழிலாளியையும் குறிக்கவில்லை. இப்படிச் சொல்லின் முன்னாலோ பின்னாலோ வந்து சேரும் பகுதியை ஒட்டு என்பார்கள்; அந்த ஒட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருத்தமான பொருளுள்ள சொல்லாக நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொல்லும் எல்லா வழிகளிலும் இதையே அதிகம் விரும்புகிறேன். ஓர் ஒட்டின் பொருளை அறிந்துகொண்டால், முன்பு பார்த்திராத சொற்களும் பாதி திறந்துகொள்ளும்.

அகராதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் மிகச் சிறந்தது என்றாலும், ஏழாம் வகுப்பு மாணவிக்கு அது பெரியது. சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதியே போதும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, மொழி பயில்வோருக்கென்றே அமைந்த ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதிக்கு மாறலாம். 1978இல் முதலில் வந்த லாங்மன் அகராதி, விளக்கங்கள் அனைத்தையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் அடக்கியிருப்பதால் படிப்பவரை மிரட்டாது. எந்த அகராதியானாலும் முதல் பொருளோடு மூடிவிடக் கூடாது. போஸ்ட் என்ற சொல் அஞ்சலையும் குறிக்கும், பதவியையும் குறிக்கும், நட்டு வைத்த கம்பத்தையும் குறிக்கும். பாடத்தில் எந்தப் பொருளில் வந்திருக்கிறதோ அதைக் குறிப்பேட்டில் எழுதி, அதே பொருளில் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு சொற்கள் போதும். கற்றது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்து 1885இலேயே எழுதிவைத்தார். ஆகையால் அதே சொற்களை மறுநாளும், அடுத்த வாரமும் மீண்டும் கலைத்துக் கொடுங்கள்.

கைப்பேசியைப் பொறுத்தவரை, முற்றாகத் தடுப்பதைவிட முறைப்படுத்துவதே நல்லது. முதலில் தாளில் முயல வேண்டும். விடை வந்த பிறகோ, உண்மையாக முயன்று தோற்ற பிறகோதான் கைப்பேசியைத் தொட வேண்டும். அது தரும் பட்டியல் பெரும்பாலும் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களுக்கான சொற்பட்டியலிலிருந்து வருவது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன ஐந்து எழுத்துகளை இட்டால், பிளேட்டுக்கு அருகிலேயே லெப்டா என்ற சொல்லும் வந்து நிற்கும். அது கிரேக்க நாட்டின் பழைய சிறு நாணயத்தின் பன்மைப் பெயர். அன்றாடச் சொல்லும் அரிய சொல்லும் அங்கே ஒரே வரிசையில் இருப்பதால், எதைக் கற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஆங்கிலம் அதிகம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத் தயங்கி ஒதுங்கிவிடாதீர்கள், அம்மா. குறிப்புகளை நீங்கள் தமிழில்தான் எழுதப்போகிறீர்கள். பாடநூலும் அகராதியும் உடன் இருந்தால் அது உங்களால் நிச்சயம் முடியும். மாலையில் அன்றைய சொற்களை உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேளுங்கள். விடை தெரிந்த ஆசிரியரிடம் பாதி சொன்னாலும் அவர் மீதியைப் புரிந்துகொள்வார். உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் அவள் முழுவதும் சொல்லியாக வேண்டும். புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். அவளால் விளக்க முடியாத சொற்களைக் குறிப்பேட்டில் கோடிட்டு வைத்து, மறுநாள் ஆங்கில ஆசிரியரிடம் கேட்டு வந்து உங்களுக்குச் சொல்லும்படி அனுப்புங்கள்.