மண் சுவர், இரட்டைக் கூரை, மூங்கில்: கேள்விகளும் பதில்களும்

சுவர், கூரை, காற்றோட்டம் இந்த மூன்றும் எனக்குத் தெரிந்த களம். அவற்றை விரிவாகச் சொல்கிறேன். சோலார் பேனல், பேட்டரி சம்பந்தமானவற்றை அந்தத் துறைக்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே காண்டோவில் கட்டிய பள்ளியில் தகரக் கூரை சுவரை விட்டு மேலே தனியாக நிற்கிறதே, அது அழகுக்கா? வீட்டுக்குச் செய்தால் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

முழுக்க முழுக்க வேலைக்குத்தான். புர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் 2001இல் முடிந்த பள்ளி அது. வகுப்பறைக்கு மேல் களிமண் கல்லால் ஒரு உள்கூரை, அதில் காற்றுப் போகச் சந்துகள். அதற்கு மேலே கட்டுமானக் கம்பியை வெல்டு செய்த இலேசான டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), அதன் மேல் தகரம். வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு தலையில் இறங்குவதற்குள் நடுவில் ஓடும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அறையின் சூடான காற்றும் சந்து வழியே ஏறி அதே ஓட்டத்தில் சேர்ந்துவிடும். நீண்டு வரும் தகர விளிம்பு மண் சுவரை மழையிலிருந்து காப்பாற்றுகிறது.

வீட்டுக்கென்றால் தாழ்ந்த பக்கத்தில் 30 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், உயர்ந்த பக்கத்தில் அதைவிட அதிகம். காற்று நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் திறந்திருக்க வேண்டும். பறவை வராமலிருக்க வலை போதும். பலர் தூசி வருகிறது என்று ஒரு பக்கத்தைப் பலகை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது சூடான காற்றைச் சேமிக்கும் பெட்டி, கூரை அல்ல.

இன்னொரு ஆபத்து காற்றுத் தூக்கு. தூக்கி நிற்கும் கூரையை அடியிலிருந்து காற்று தள்ளும், மேலிருந்து இழுக்கும். டிரஸைச் சுவர் மேல் சும்மா உட்கார வைக்கக் கூடாது. சுவர் உச்சியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டு, வார்க்கும்போதே ஆங்கர் கம்பியைப் புதைத்து, டிரஸ் காலை அதோடு பிணைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மனை மண்ணில் அழுத்திய மண் கல் செய்ய முடியுமா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு. மேல் மண்ணை விட்டுவிடுங்கள், அதில் வேரும் மட்கும் இருக்கும். 30 செ.மீ.க்குக் கீழே தோண்டி எடுத்து, 5 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், பாட்டில் மேல் கோடு போடுங்கள். அரை மணியில் படிவது வண்டல், இரண்டாவது கோடு. மறுநாள் வரை மெல்லப் படிவது களி. ஈரத்தில் களி உப்பி நிற்கும் என்பதால் பாட்டில் காட்டும் களி அளவு உண்மையைவிடக் கொஞ்சம் அதிகம்.

சிமெண்ட் சேர்க்கும் கல்லுக்குச் சரளை 15%, மணல் 50%, வண்டல் 15%, களி 20% என்ற அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. களி அதிகமென்றால் மணல் சேருங்கள், மிக அதிகமென்றால் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு களியோடுதான் வினைபுரியும், சிமெண்டுக்கு மணல் வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு மண் சரியில்லை என்று சொல்பவர்கள் ஏராளம்.

ஈரப்பதத்துக்குக் கைச்சோதனை போதும். ஒரு பிடி மண்ணை உருண்டையாக இறுக்கி, தோள் உயரத்திலிருந்து கடினமான தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடிப்பொடியானால் தண்ணீர் போதாது, தட்டையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். சிமெண்ட் கலந்தபின் அரை மணி நேரத்துக்குள் அச்சில் ஏற வேண்டும். முதல் ஒரு வாரம் ஷீட் போட்டு மூடி ஈரம் காக்க வேண்டும், சுவரில் ஏற்றுவதற்கு 28 நாள் ஆகட்டும்.

கேள்வி: மண் சுவருக்கு வெளியே சிமெண்ட் பூசினால் மழைக்கு உறுதியாக இருக்குமல்லவா?

இருக்காது. இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் காரணத்தோடு சொல்கிறேன். மண் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். பகலும் இரவும் மாறும்போது கொஞ்சம் உப்பும், கொஞ்சம் சுருங்கும். அதன் மேல் விறைப்பான சிமெண்ட் பூச்சு அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் மயிரிழை அளவு விரிசல் விடும். விரிசல் வழியே மழை உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழி இல்லை. பூச்சுக்குப் பின்னால் சுவர் சேறாகும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். ஒரு நாள் பூச்சு பலகை பலகையாக விழும்போது இரண்டு விரல்கடை மண்ணையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது: தரையிலிருந்து 45 செ.மீ. வரை கல் அல்லது சுட்ட செங்கல் கட்டு, அதன் மேல் ஓதம் ஏறாமல் தடுப்பு, கூரை 60 முதல் 90 செ.மீ. வெளியே நீள வேண்டும். பூச்சு நாரோடு குழைத்த மண் அல்லது சுண்ணாம்பு. ஊறவைத்த சுண்ணாம்பு 1, மணல் 3. சுவரை நனைத்துவிட்டு, ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டாமல், இரண்டு பூச்சு. நேர் வெயில் படாமல் ஒரு வாரம் மறைத்து ஈரம் காட்டுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அவசரமாகக் காய்ந்தால் விரலில் மாவாக வரும்.

கேள்வி: ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் இருக்கும் ஈஸ்ட்கேட் கட்டடம் போல, கரையான் புற்று முறையில் ஏசி இல்லாமல் அலுவலகம் கட்டலாமா?

மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறந்த கட்டடம். அதில் மின்விசிறிகள் உண்டு. இரவில் குளிர்ந்த காற்றை நிறைய ஓட்டிக் கான்கிரீட் தளங்களைக் குளிரவைத்து, பகலில் அந்தக் குளிர்ச்சியை மெல்ல எடுக்கிறார்கள். ஹராரே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவு நன்றாகக் குளிரும். புற்றுக்குள் காற்று அன்று நினைத்தபடி ஓடுவதில்லை என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள், அதனால் கட்டடத்துக்குக் குறைவொன்றும் இல்லை.

பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரியாவது வித்தியாசம் இல்லாத, புழுக்கமான இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பகலில் குடித்த சூட்டைக் கனமான சுவர் இரவெல்லாம் படுக்கைமேல் கொட்டும். அங்கே வேண்டியது நிழல், இலேசான சுவர், குறுக்கே ஓடும் காற்று. கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் ஆஸ்திரேலியாவின் வடக்கே 1994இல் முடித்த மரிக்கா ஆல்டர்டன் வீட்டைப் பாருங்கள்: தரையை விட்டுத் தூக்கியது, ஜன்னலில் கண்ணாடியே இல்லை, திறந்து மூடும் பலகைகள்தான்.

கேள்வி: சிமெண்டோடு வாட்டர்புரூஃப் கலவை சேர்த்து மண் சுவரில் பூசினால்?

வேண்டாம். இன்னும் கெட்டியாக அடைபடும்.

கேள்வி: 5% சிமெண்ட் கலந்த கல்லை மண் கல் என்று சொல்வது சரியா? மண்ணால் கட்டுவதில் பெயர்பெற்ற மார்ட்டின் ரௌக் தன் சுவர்களில் சிமெண்ட் சேர்ப்பதில்லையே.

ரௌக் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஷ்லின்ஸில் 2008இல் முடிந்த அவர் வீடு திமிசு போட்டு இறுக்கிய வெறும் மண். மழையில் மேல்தோல் கொஞ்சம் கரையும் என்பதைக் கணக்கில் வைத்தே சுவரைக் கட்டுகிறார். படுக்கை வசத்தில் சுட்ட ஓட்டு வரிசைகள் சற்றே வெளியே நீண்டிருக்கும். சுவரில் வழியும் தண்ணீர் அங்கே தடுக்கி வேகம் இழக்கும். சிமெண்ட் இல்லாத சுவரை இடித்தால் மறுபடி நனைத்துக் கட்டலாம், கலந்த மண் திரும்ப மண்ணாகாது.

மறுப்பு (தளப் பொறியாளர் ஒருவர்): அது ஆஸ்திரியாவில் நடக்கும். மாதக்கணக்கில் மழை கொட்டும் இடத்தில் வெறும் மண் நிற்காது.

நிற்கிறது. கட்டடக் கலைஞர் அன்னா ஹெரிங்கர் வங்கதேசத்தின் ருத்ராபூரில் கட்டிய பள்ளியின் தரைத்தளம் வைக்கோல் சேர்த்துக் குழைத்த மண். அடியில் செங்கல் அடித்தளம், அதன் மேல் ஓதத் தடுப்பு. ஏறக்குறைய 65 செ.மீ. உயரத்துக்கு ஒரு அடுக்கு ஏற்றி, கொஞ்சம் இறுகியதும் கூரான மண்வெட்டியால் பக்கங்களைச் சீவி, அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. ஈர அடுக்கின் மேல் ஈர அடுக்கை ஏற்றினால் வயிறு தள்ளிச் சரியும். மழை சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அகலமான கூரை.

மறுப்பு (அவரே): ஒவ்வொரு அடுக்குக்கும் அத்தனை நாள் காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? 8% சிமெண்ட் போட்டு இறுக்கிவிட்டால் கவலை இல்லை.

கணக்குப் போடுவோம். 30 செ.மீ. தடிச் சுவர், ஒரு கனமீட்டர் இறுகிய மண் சுமார் 2,000 கிலோ. ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 600 கிலோ மண், அதில் 8% என்றால் 48 கிலோ சிமெண்ட். 15 செ.மீ. கான்கிரீட் சுவரில் கனமீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட் என்று வைத்தாலும் அதே 48 கிலோதான். பிறகு மண் சுவரால் என்ன மிச்சம்?

மறுப்பு (இன்னொருவர்): கான்கிரீட்டில் கம்பியை விட்டுவிட்டீர்களே.

சரியான திருத்தம். கம்பியைச் சேர்த்தால் கான்கிரீட்டால் சுற்றுச்சூழலுக்கு வரும் சுமை கூடும். ஆனாலும் சிமெண்டைக் குறைப்பதற்காக மண்ணுக்கு வந்துவிட்டு அதே அளவு சிமெண்ட் கொட்டுவது நியாயமில்லை என்பது மாறவில்லை. 24 செ.மீ. மண் கல் சுவரில் 5% போட்டால் சதுர மீட்டருக்கு 24 கிலோ போல வரும், சாந்து தனி. நில அதிர்வு உள்ள இடம், சாரல் அடிக்கும் மாடிச் சுவர், மெலிந்த சுவர் இவற்றில் அதைப் போடுங்கள். கூரை நீளும் ஒற்றை மாடிக்கு வேண்டாம். இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்பு இருக்கிறது. பாகிஸ்தானில் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரி மண், சுண்ணாம்பு, மூங்கில் கொண்டுதான் கட்டிக் காட்டினார். 2023இல் பிரிட்டனின் கட்டடக் கலைஞர் சங்கமான ஆர்.ஐ.பி.ஏ. தரும் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: மூங்கில் எத்தனை வருடம் வரும்?

பதப்படுத்தாமல் மண்ணில் நட்டால் இரண்டு மூன்று வருடம்கூடத் தாங்காது. 3 முதல் 5 வயதான மூங்கிலை வெட்டுங்கள், இளசில் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகம், வண்டு அதற்குத்தான் வருகிறது. நீளக் கம்பியால் உள் கணுக்களைத் துளைத்துவிட்டு, 100 லிட்டர் தண்ணீருக்கு போரிக் அமிலம் 2 கிலோ, போராக்ஸ் 3 கிலோ கரைத்து ஒன்றிரண்டு வாரம் முழுக்க மூழ்க வையுங்கள். நிழலில் காய வையுங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போகும். அதனால் தரையிலிருந்து 30 செ.மீ. மேலே கல் பீடம், தலைக்கு மேல் அகலக் கூரை இரண்டும் கட்டாயம். ஆணி அடிக்காதீர்கள், நீளவாக்கில் பிளக்கும். துளை போட்டு போல்ட் மாட்டி, போல்ட் போகும் கணுவிடைக்குள் சிமெண்ட் சாந்து நிரப்புங்கள். கொலம்பியாவின் சிமோன் வேலெஸ் பெரிய கூரைகளைத் தாங்க வைத்தது இந்த இணைப்பில்தான். 2000 ஹனோவர் கண்காட்சி அரங்குக்கு முன்னோட்டமாக அவர் ஊரிலேயே முழு அளவில் ஒன்று கட்டிச் சோதித்துக் காட்டினார்கள்.

கேள்வி: மிலானின் மரக் கோபுரம் போலப் பால்கனியில் மரம் வைக்க ஆசை.

ஸ்டெஃபானோ போயெரியின் 2014 கட்டடம் மரத்துக்காகவே கணக்கிட்டது. ஈர மண் கனமீட்டருக்கு 1.6 டன்னுக்கு மேல். சாதாரணப் பால்கனி அதைத் தாங்காது. மரத்தைத் தரையில், வெயில் விழும் சுவருக்கு எதிரே நடுங்கள்.

கேள்வி: 6 மீட்டர் பீமுக்கு எத்தனை கம்பி?

இதற்குப் பொதுப் பதில் கிடையாது. வரைபடத்தோடு கட்டமைப்புப் பொறியாளரிடம் போங்கள்.

கேள்வி: பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடம் கட்டுவது நல்லதுதானே?

பெரும்பாலும் இல்லை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் லகாத்தோன், வசால் இருவரும் துருவோ, ஹூத்தனோடு சேர்ந்து பிரான்சின் போர்தோ நகரிலுள்ள கிரான் பார்க் குடியிருப்பில் 530 வீடுகளை இடிக்காமல் மாற்றினார்கள். முகப்பில் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் முன்கூட்டியே செய்து பொருத்தினார்கள். குடியிருந்தவர்கள் வெளியேற வேண்டியிருக்கவில்லை. முதலில் அடித்தளத்தையும் சட்டகத்தையும் சோதியுங்கள். அவை நன்றாக இருந்தால் இடிக்கவே கூடாது.

கேள்வி: மண் சுவருக்கு சிமெண்ட் பூச்சு போடலாமா? குளியலறைப் பக்கம் மட்டும்.

மூன்றாவது முறை. வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது. குளியலறைச் சுவரைச் சுட்ட செங்கல்லில் கட்டுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே பூசியாகிவிட்டது. கீழே அரை மீட்டர் உப்புப் பூத்து நிற்கிறது. என்ன செய்வது?

இதைக் கேட்டது நல்லது. முழுதும் ஒரே நாளில் உடைக்காதீர்கள், சுவரும் சேர்ந்து பெயரும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: சுவரோரம் தேங்கும் மழை, ஒழுகும் குழாய், சுவரைவிட உயர்ந்த வெளித்தரை. அதைச் சரிசெய்யுங்கள். பிறகு மரச் சுத்தியலால் தட்டுங்கள், டொக்டொக் என்று வெற்றொலி வரும் இடங்களைக் கீழ் ஒரு மீட்டரில் மட்டும் மெதுவாக எடுங்கள். கெட்டியாக ஒட்டியிருப்பது இப்போதைக்கு இருக்கட்டும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி உள்ளே போகும். வெயில் காலம் முழுவதும் திறந்தே விட்டுக் காயவிட்டு, அரித்த குழிகளை நார் கலந்த மண்ணால் அடுக்கடுக்காக நிரப்பி, கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு. மேல்பகுதியை அடுத்த வறண்ட பருவத்தில் எடுங்கள்.